ஆளுக்கு எறிந்தால் அவுட்

எங்கள் கழகத்தின் ஆண்டு மலர் போன மாதம் வந்தது. முதலாம் கிரேட் அணிக்கு நாலு பக்கம், பழைய படங்கள், கோப்பைகள். சின்னப் பிள்ளைகளின் அணிகளுக்குத் தலா ஒரு பக்கம். எங்கள் அணிக்கு ஒரே ஒரு வரி: கடைசி கிரேட் அணி உற்சாகமாகப் பங்குபற்றியது. பள்ளிக்கூட றிப்போர்ட்டில் ஒன்றுக்கும் உதவாத பிள்ளைக்கு ‘முயற்சி செய்கிறார்’ என்று எழுதுவார்களே, அதுதான் இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரிடம் காட்டினேன். “பிழையா ஒண்டும் எழுதேல்லையே” என்றார். இவர் என் கணவர், அந்த அணியின் கப்டன். கப்டனுக்கே ரோசம் வராவிட்டால் வேறு யார் எழுதுவது? நானே எழுதுகிறேன்.

பேஸ்போல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். எங்களுக்கும் தெரியாமல்தான் சேர்ந்தோம். பிளாக்டவுனுக்குப் பக்கத்தில், ரயில் பாதைக்கும் ஓர் ஓடைக்கும் நடுவில் கவுன்சிலின் மைதானம் இருக்கிறது. ஒரு பாதி கிரிக்கெட்டுக்கு, மறு பாதி பேஸ்போலுக்கு. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் ஆம்பிளைகள் கிரிக்கெட் பாதியில் ரெனிஸ் பந்தால் விளையாடுவார்கள். பெண்கள் நாங்கள் மரத்தடியில் கதிரை போட்டு, றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே அவர்களை நக்கலடிப்போம். ஒரு வருசம் பிட்சைப் புதிதாகப் போடுகிறோம் என்று கவுன்சில்காரர்கள் வேலியடித்துப் பூட்டினார்கள். மாதக்கணக்காகத் திறக்கவில்லை. ஆம்பிளைகள் வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று அரசியல் கதைக்கத் தொடங்கினார்கள். யாராவது வந்து தடுக்காவிட்டால் அடிதடியில் முடிந்திருக்கும்.

மறு பாதியிலிருந்து பேஸ்போல் கழகத்தின் தலைவர்தான் வந்தார். லொறி ஓட்டி ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். எந்நேரமும் மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருப்பதால் சப்பாத்து, காற்சட்டை, மீசை எல்லாமே வெள்ளை. அவருடைய கடைசி கிரேட் அணிக்கு ஆட்கள் போதவில்லை. ஒன்பது பேர் இல்லாவிட்டால் அணியையே கலைத்துவிடுவார்களாம். உங்களில் யாருக்காவது எறியத் தெரியுமா என்று கேட்டார். இவர் எங்கள் பக்கம் திரும்பி, “எறியத் தெரியுமோ எண்டு கேக்கிறார்” என்று மொழிபெயர்த்தார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் ஆங்கிலம் விளங்கும். இருந்தாலும் மொழிபெயர்ப்பதென்றால் இவருக்குக் கொள்ளை ஆசை.

எல்லோருமாகப் போய் ஒரு மாட்ச் பார்த்தோம். ஒருவன் எறிகிறான், ஒருவன் அடிக்கிறான், அடித்தவன் பேஸ் என்கிற மூலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி திடீரென்று சத்தம் போட்டான்: “அக்கா, இது எங்கட எல்லேயெல்லே!”

உண்மைதான். இலங்கையில் படித்தவர்களுக்கு எல்லே தெரியும். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடும் விளையாட்டு. மன்னாரில் எங்கள் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்து எல்லே அணியில் நானும் ஓடியிருக்கிறேன். நான் ஓடினால் மைதானமே எழும்பி நின்று பார்க்கும். இவர் நம்புவதில்லை, அது வேறு விசயம். எல்லேயில் ஒரு முக்கியமான விதி உண்டு. ஓடுகிற ஆளின் மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். ரெனிஸ் பந்துதானே, முதுகில் பட்டாலும் சிரித்துக்கொண்டு போகலாம். பேஸ்போலில் அந்த விதி இல்லை, பந்தும் கல்லு மாதிரி. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி யாரென்று சொல்ல வேண்டும். அவன் என் கூடப்பிறந்தவன் இல்லை. பேசாலைக் கடற்கரையில் மீன்பிடித்தவன், படகில் வந்தவன். எங்கள் பூசைக்கு முதன்முதல் வந்த அன்று கடைசி வாங்கில் தனியே இருந்தான். மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், அன்றிலிருந்து அவன் தம்பி, நான் அக்கா, இவர் அண்ணை. கோழி வெட்டும் ஃபக்டரியில் வேலை. மனைவியும் மகளும் ஊரில். அவன் புறப்படும்போது மகள் கைக்குழந்தை. இப்போது போனில் அவனுடைய ஆங்கிலத்தைத் திருத்துகிறாள்.

அவனுடைய கேஸ் அகதிகளை விசாரிக்கும் ட்ரிபியூனலில் ஒருமுறை தோற்று, கோர்ட்டுக்குப் போய், கோர்ட் திருப்பி அனுப்பி, மறுபடியும் ட்ரிபியூனலில் கிடந்தது. அது வென்றால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். தோற்றால் அனுப்பிவிடுவார்கள். ட்ரிபியூனல் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் சொல்லும் விதமே தனி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் றிப்போர்ட் பற்றிக் கதைப்பதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். படகில் வந்தவர்களை அடைத்து வைக்கும் முகாமிலிருந்து வெளியே விடும்போது ஒழுங்காக நடப்பேன் என்று அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஈ காக்கை இல்லாத றோட்டில்கூடச் சிவப்பு விளக்கு எரிந்தால் கடக்க மாட்டான். இவர் சிவப்பிலேயே கடந்துவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டிக் கூப்பிடுவார். அவன் பச்சை வரும்வரை நிற்பான்.

அணி சேர்ந்துவிட்டது. எல்லாம் எங்கள் ஆட்கள், ஒரே ஒருவரைத் தவிர. அவர் கெல்லிவில்லில் இருந்து வரும் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. மகளைச் சின்னப் பிள்ளைகளின் அணியில் விட வந்தவரை நாங்கள் பிடித்துக்கொண்டோம். விதிப்புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு வந்த ஒரே ஆள் அவர்தான். “ரூல்படி பார்த்தா...” என்று தொடங்கினாரென்றால் ஆட்கள் மெல்லத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அப்படியும் ஓர் ஆள் குறைந்தது. சனிக்கிழமை வேலை மாற்ற முடியாதென்று ஒருவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். பெண்களும் விளையாடலாமா என்று தலைவரிடம் கேட்டேன். கடைசி கிரேட்டில் உயிரோடு இருக்கும் யாரும் விளையாடலாம் என்றார். இரண்டாவது பேஸில் போய் நின்றேன். இவருக்கு முகம் கறுத்தது. எனக்கு அதுவும் ஒரு சந்தோசம்.

முதல் மாட்சில் இவர் அருமையாக ஓர் அடி அடித்தார். அடித்துவிட்டு மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். வாழ்நாள் முழுக்க விக்கெட்டுக்கு விக்கெட் ஓடின கால், கை எப்படி விடும்? முதல் பேஸில் நின்ற பையன், அந்தத் தடியோடு இவர் வருகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, பந்தையும் விட்டுவிட்டு விலகினான். இவர் பேஸுக்கு முன்னால் மட்டையை நிலத்தில் தேய்த்து நிறுத்தி, இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பி ஓடி வந்தார். அம்பயர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அந்த வருசம் மட்டுமல்ல, அடுத்த வருசமும் மண்ணைக் கவ்வினோம். ஆனால் ஒரு சனிக்கிழமைகூட ஆள் குறையவில்லை. எதிரணிக்காரர்களுக்கும் எங்கள் மைதானத்துக்கு வர விருப்பம். வென்றும் போகலாம், கட்லட்டும் சாப்பிட்டுப் போகலாம்.

தம்பி எறிகிறவன். வலை எறிந்து பழகிய தோள். மற்ற அணிகளில் எறிபவர்கள் காலைத் தூக்கி, கண்ணை உருட்டி, ஆயிரம் வித்தை காட்டுவார்கள். இவன் ஒன்றும் செய்யாமல் சும்மா எறிவான். பந்து போய் இவருடைய கையுறைக்குள் இறங்கும். இவர்தான் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவர். சனிக்கிழமைகளில் தம்பி எல்லோருக்கும் முதல் வந்து தலைவரோடு சேர்ந்து கோடு போடுவான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தக் கோடு போடும் நேரத்தில்தான் அவன் முகத்தில் கேஸ் தெரியாது.

மூன்றாவது வருசம் ஒரு மாட்சில் நாங்கள் வெல்லப் பார்த்தோம். நம்பமாட்டீர்கள், கடைசி இன்னிங்ஸில் ஓர் ஓட்டத்தால் முன்னுக்கு நின்றோம். தலைவர் கோடு போடும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார். எதிரணிக்காரன் அடித்த பந்து நேரே தம்பியின் கைக்கு வந்தது. மூன்றாவது பேஸில் நின்ற அவர்களுடைய பையன், மட்டைக்காரன் நின்று அடிக்கும் ஹோம் பேஸை நோக்கி ஓடத் தொடங்கினான். ஹோம் பேஸில் பந்தைப் பிடிக்க இவர் நிற்க வேண்டும். இவர் அவசரத்தில் முன்னுக்கு ஓடி வந்து, தான் கழற்றி எறிந்த முகமூடியிலேயே கால் தடுக்கி, குப்புற விழுந்து கிடந்தார். எறிய அங்கே ஆள் இல்லை. தம்பி பார்த்தான். ஓடுகிறவன் தெரிந்தான். எறிந்தான். பந்து பையனின் முதுகில் பொத்தென்று விழுந்தது.

“அவுட்!” என்று தம்பி கையைத் தூக்கினான். “அவுட்!” என்று நாங்கள் அத்தனை பேரும் துள்ளினோம். நான் இரண்டாவது பேஸிலிருந்து கூவிக்கொண்டு ஓடி வந்தேன். வயசு, மூட்டுவலி எல்லாம் மறந்துபோய் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையாக ஓடி வந்தேன். கெல்லிவில்காரர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்: “ஐயையோ, என்ன பண்றீங்க! இது எல்லே இல்ல!”

பையன் நிலத்தில் கிடந்து முனகினான். தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. அவனைத் தூக்க ஓடினான். இன்னொரு அடி போட ஓடுகிறான் என்று அம்பயர் நினைத்துக் குறுக்கே பாய்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓர் அணியே ஒரு பிள்ளையைப் பந்தால் அடித்துவிட்டுக் கூத்தாடுவதைத்தான் அவர் பார்த்தார். தம்பியை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அதோடு விட்டிருக்கலாம். செவ்வாய்க்கிழமை நீ ட்ரிபியூனலுக்கு வர வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

பையனுக்கு நல்ல காலம், கண்டல் காயம் மட்டும்தான். நாங்கள் ஐஸ் வைத்து, மன்னிப்புக் கேட்டு, அவனுடைய தகப்பனைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணவில்லை. அன்று போன் எடுக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு வரவில்லை. இவர் அவனுடைய வீட்டுக்குப் போனார். கூட இருக்கும் பெடியன்கள், உடுப்பை அள்ளிக்கொண்டு மெல்பேர்னுக்கு பஸ் ஏறிவிட்டான் என்றார்கள். ஸ்பிரிங்வேலில் ஒரு சிநேகிதன் இருக்கிறானாம், முகாமில் பழக்கமானவன். அந்தச் சிநேகிதனின் போனில்தான் அவனைப் பிடித்தேன்.

“அக்கா, என்னைத் தேடாதேங்கோ. ஒருத்தருக்கும் கை நீட்டமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சனான். இப்ப ட்ரிபியூனலுக்கே போட்டுது.”

“எந்த ட்ரிபியூனலுக்கு?”

“என்ர ட்ரிபியூனலுக்கு.”

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. “டேய் மோடா, அது வேற, இது வேற! பேஸ்போல்காரருக்கும் ஒரு ட்ரிபியூனல் இருக்கு. கன்ரீனுக்குள்ள மூண்டு பேர் இருந்து கேப்பினமாம்.”

அவன் சிரிக்கவில்லை. “விளையாட்டுக்கு ஏனக்கா ட்ரிபியூனல்?”

“எனக்கென்ன தெரியும்? இவையளுக்கு எல்லாத்துக்கும் ஒண்டு வேணும்.”

பிறகு கேட்டான்: “அப்ப, அந்த மூண்டு பேர் என்ர கேஸ் பாக்கிற ஆக்களுக்குச் சொல்லுவினமோ?”

என் சிரிப்பு அப்படியே நின்றது. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தலைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். தவறுதலாகப் பட்டது என்று முடிவானால் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. வேண்டுமென்று அடித்தான் என்று முடிவானால் பையனின் தகப்பன் பொலிசுக்குப் போகலாம், பிறகு எது எங்கே போகும் என்று தனக்குத் தெரியாது. அவன் வராமல் விட்டால் அம்பயர் சொன்னதை வைத்தே முடிவெடுப்பார்கள். மறுபடியும் ஸ்பிரிங்வேலுக்குப் போன் போட்டேன். “எழும்பி வா” என்றேன் தம்பியிடம். “நாங்கள் எல்லாரும் வாறம்.” வந்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலையிலிருந்து நேரே ஆளாளுக்கு வந்து சேர்ந்தோம். நான் வயோதிபர் இல்லத்துக் குசினியிலிருந்து ஏப்ரனோடு வந்தேன். தம்பி வெள்ளைச் சட்டையும் இவருடைய கலியாண டையும் கட்டி, கக்கத்தில் ஒரு தடித்த ஃபைலோடு நின்றான். அவனுடைய அகதிக் கேஸ் ஃபைல்.

“இதை ஏன் கொண்டந்தனீ?”

“கேட்டா என்ன செய்யிறது, அக்கா?”

கன்ரீன் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு கண்ணாடிக்கார அம்மா, அவர்தான் தலைமை. ஒரு பக்கம் காது மெசின் போட்ட கிழவர். மறு பக்கம் வேலைத்தலத்து மஞ்சள் சட்டையோடு ஒருவர். அம்பயர் தான் கண்டதைச் சொன்னார். பையன், முதுகு நொந்தது, ஆனால் எறிந்தவர்தான் முதலில் என்னைத் தூக்க ஓடி வந்தார் என்றான். நல்ல பிள்ளை. ஏன் எல்லோரும் சந்தோசப்பட்டீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். இவர் விளக்கத் தொடங்கினார். இவர் விளக்கினால் ஊரே சிக்குப்பட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். மூலையில் நின்ற மொப் தடியை எடுத்தேன். ஹொட்டோக் பாண் ஒன்றை எடுத்துக் கெல்லிவில்காரரிடம் கொடுத்தேன். பாணை எறியச் சொல்லி, தடியால் அடித்து, கதிரைகளைச் சுற்றி ஓடிக்காட்டி, என் முதுகுக்கு எறியச் சொன்னேன். தயங்கித் தயங்கி எறிந்தார். “அவுட்” என்றேன். இதுதான் எல்லே என்றேன்.

காது மெசின் கிழவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பேஸ்போலும் ஆதிகாலத்தில் அப்படித்தான் இருந்தது, ஆளுக்கு எறிந்துதான் அவுட் ஆக்கினார்கள், பந்து கடினமான பிறகுதான் நிறுத்தினார்கள் என்றார். “ஆமா, நானும் படிச்சிருக்கேன்” என்று கெல்லிவில்காரர் தமிழில் சொன்னார், பதற்றத்தில். எனக்கு மூச்சு வந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த அம்மா தம்பியைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். வெறும் மரியாதைக்குக் கேட்டது. இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

தம்பி எழும்பினான். டையைச் சரிசெய்தான். தன் பெயரைச் சொன்னான். பிறந்த தேதியைச் சொன்னான். நான் இலங்கைப் பிரசை, தமிழன், கத்தோலிக்கன், தொழில் மீன்பிடி என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னான். இவர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் நிறுத்தவில்லை. ட்ரிபியூனல் என்றால் அவனுக்கு அப்படித்தான் பழக்கம். ஊரில் தன் கூடப்பிறந்த அண்ணனை ஜீப்பில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னான். வந்த ஜீப் பச்சை நிறம் என்றான். அகதி ட்ரிபியூனலில் ஒருமுறை பச்சை என்றும் மறுமுறை கரும்பச்சை என்றும் சொல்லிவிட்டானாம், அதனால்தான் நம்பவில்லையாம். அதையும் சொன்னான். அண்ணனைப் பிறகு காணவில்லை என்றான். படகைச் சொன்னான், முகாமைச் சொன்னான், மகளைச் சொன்னான். இத்தனை வருசம் எங்கள் வீட்டில் சாப்பிட்டவன். இதில் பாதி எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை, கேட்கக்கூடாது என்று நினைத்தோம். கடைசியாகச் சொன்னான்: நோகச் செய்ய நான் எறியவில்லை. நான் சொன்னதெல்லாம் உண்மை.

கோடு போடுகிற தலைவர் மீசையைத் துடைத்தார். பையனின் தகப்பன் நிலத்தைப் பார்த்தார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த இரண்டு பேரையும் பார்த்தார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர் தம்பியிடம் திரும்பி, நாங்கள் உங்களை நம்புகிறோம் என்றார். கொஞ்சம் பொறுத்து, எல்லாவற்றையும் நம்புகிறோம் என்றார்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் ஏப்ரனால் மூக்கைச் சிந்தினேன். தவறுதலாக நடந்தது, எச்சரிக்கை மட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பையனின் தகப்பன் வந்து கை கொடுத்தார். அம்பயரும் கொடுத்தார்.

அந்த மாட்சையும் நாங்கள் தோற்றதாகத்தான் எழுதினார்கள், அந்தப் பையனின் ஓட்டமும், நாங்கள் துள்ளிக்கொண்டிருந்தபோது அடித்தவன் சுற்றி வந்த ஓட்டமும் செல்லும் என்று. இன்றுவரை ஒன்றும் வெல்லவில்லை. அவனுடைய கேஸும் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. சனிக்கிழமைகளில் அவன் கோடு போடுகிறான், எறிகிறான். ஆண்டு மலரில் இதற்கெல்லாம் இடமில்லை.

அன்று அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பின்சீற்றில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். பிளாக்டவுன் சந்தியில் சிவப்பு விளக்கில் நின்றபோது முன்னுக்குச் சாய்ந்து கேட்டான்:

“அக்கா, எல்லாத்தையும் நம்புறம் எண்டு அந்த மனுசி சொன்னதை எழுதித் தருவினமோ?”

“கேட்டுப் பாப்பம், தம்பி” என்றேன். விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. இவர் காரை எடுக்கவில்லை.